சபாநாதன் மாஸ்டரின் கார் நித்திரை கொண்ட காலம்

இத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தது போதும். சபாநாதன் மாஸ்டர் காலமான செய்தியை அக்கரப்பத்தனை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இறங்கி, பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மரண வீட்டில் எல்லோரும் அவருடைய காரைப் பற்றியே பேசினார்கள். கொட்டும் மழையிலும் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து நோயாளிகளை ஏற்றிப்போன கார், சாவி உள்ளேயே கிடக்கும், யாரும் எடுக்கலாம் என்றார்கள். உண்மைதான். நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நான் அதற்கு முந்திய காலத்தை எழுதுகிறேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பாடசாலையின் உப அதிபர். நான் இதே தோட்டத்து லயத்தில் பிறந்து, பட்டம் பெற்று, அவருக்குக் கீழே படிப்பித்தவன். அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் இருந்தோம். கார் அவருடைய தகப்பனாருடையது. யுத்தத்தில் பாதை அடைபடுமுன் கொண்டுவந்திருந்தார். ஊரிலிருந்து அவரிடம் மிஞ்சியது அது மட்டும்தான்.

ஆனி மழைக்கு முன் அதைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, கராஜில் விடுவார். சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரக்கட்டைகளில் ஏற்றுவோம். பற்றரி வீட்டுக்குள் போய்விடும். எலி புகாதிருக்கப் புகைக்குழாயில் பழந்துணியை இறுக்கி அடைப்பார். துணி இருப்பது மறந்துபோகாதிருக்க ஸ்டியரிங்கில் சிவப்பு நாடா ஒன்று கட்டுவார். “இனி இவ ஆவணி வரைக்கும் நித்திரை” என்பார்.

“மழையில யாராச்சும் ஆத்திர அவசரத்துக்குக் கேட்டா என்னா செய்வீங்க சேர்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மழைக்குக் குடை பிடிக்கிறதுதானே, ஐசே. கட்டையை இஞ்சால தள்ளும்.”

ஓர் ஆடிப் பிற்பகல், மாதம் நிறையுமுன்பே என் மனைவிக்கு வலி எடுத்தது. கொழுந்து லொறி வெளியே போயிருந்தது. மாஸ்டரிடம் ஓடினேன். அவர் மறுக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இருவரும் நனைந்துகொண்டே சக்கரங்களைப் பூட்டி, பற்றரியையும் கொண்டுவந்து மாட்டினோம். மனைவியைப் பின் இருக்கையில் ஏற்றினேன். அவர் நாடாவை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார். என்ஜின் இருமி நின்றது. மறுபடியும் இருமி நின்றது. பிறகு இருமவும் இல்லை.

“பற்றரி செத்துப்போச்சு, ஐசே” என்றார்.

லொறி வந்தபோது இருட்டிவிட்டது. பெண் குழந்தை. தங்கவில்லை.

மறுநாள் உடுப்பு எடுக்க வந்தபோது கராஜ் ஓரத்து மழைத்தண்ணீர்க் கானில் அந்தப் பழந்துணி கிடந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கரி. நாடாவை அவிழ்த்தவர் துணியை எடுக்கவில்லை; பிறகுதான் பிடுங்கி எறிந்திருக்கிறார். குழாய் அடைத்திருந்தால் எந்த என்ஜினும் ஓடாது. ஊருக்கெல்லாம் அவர் பற்றரி என்றே சொன்னார். நானும் கேட்கவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து கார் நித்திரை கொள்ளவில்லை. மழை முழுக்க ரோட்டோரத்தில் நின்று துருப்பிடித்தது. தாராள மனசு என்றார்கள். நான் அதில் ஏறவேயில்லை. மகன் பிறந்தபோதுகூட பஸ்ஸில்தான் கூட்டிப்போனேன்.

ஒரு மழை நாள், ஆசிரியர் அறையில் இருவர் மட்டும் இருந்தோம். “அண்டைக்கு அந்தப் பற்றரி...” என்று தொடங்கினார். காத்திருந்தேன். மணி அடித்தது. “வகுப்புக்குப் போம்” என்றார்.

இதுவரை எழுதி மனைவியிடம் கொடுத்தேன். அவளுக்குத் தெரியாது என்றே இருந்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

“துணி விசயம் எனக்கு அப்பவே தெரியுங்க. மாஸ்டர் வார்டுக்கு வந்து சொல்லிட்டாரு. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு அழுதாரு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க மன்னிக்கிற ஆளுன்னு அவரும் நெனைக்கல. நானும் நெனைக்கல.”

அரிசி களையப் போய்விட்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த இருமல் சத்தமும், மணி அடித்ததால் நின்றுபோன பாதிப் பேச்சும்தான். மீதியை அவர் வேறிடத்தில் சொல்லி முடித்திருந்தார். எழுதியதில் ஒரு வரியையும் நான் மாற்றவில்லை. அவள் சொன்னதை மட்டும் சேர்த்தேன். சொல்ல வேண்டியவளிடம் அவர் சொல்லிவிட்டார் என்றால், இதன் கீழே என் பெயருக்கு வேலையில்லை. போட்டிருந்த பெயரை அடித்துவிட்டேன். நாளைக் காலை இப்படியே தபாலில் போடுகிறேன்.