வலமிருந்து நான்கு கட்டங்கள்

எங்கள் வீட்டில் ஒரு கேள்வி அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் போக வேண்டுமானால் என் வழியாகத்தான் போகும். "ஒங்க அத்தாவுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார் அம்மா. சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் அத்தா என்னைப் பார்த்து, "வேணாம்னு சொல்லு" என்பார். நான் சொல்வேன். மாமல்லபுரத்தில் சங்கும் சோழியும் விற்ற அத்தா, படுக்கையையும் கடைக்கே கொண்டுபோன பிறகு, கேளம்பாக்கத்து வீட்டுக்கு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாப்பிட மட்டும் வந்தார். வியாபாரம் ஜாஸ்தி என்றார்கள். நம்பினேன்.

மற்ற நாட்களில் எனக்குத் துணை சித்திரக்கதைப் புத்தகங்கள். அட்டை போனவை, கடைசிப் பக்கம் இல்லாதவை. ஜன்னல் கண்ணாடியில் பக்கத்தை வைத்து, மேலே தாள் போட்டு, வெயிலின் தயவில் வரைந்து பழகினேன். குதிரை வந்தது. பேசுகிறவன் வாய்ப்பக்கம் பேச்சுக் குமிழின் வாலை இழுக்க வந்தது. பக்கவாட்டு முகம் மட்டும் வரவில்லை; என் ஆட்கள் எல்லோரும் நேராக என்னையே பார்த்தார்கள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைச் சந்து இருக்குமே, அதைத்தான் நெடுநேரம் பார்ப்பேன். இங்கே வாசலில் நிற்கிறவன் அடுத்த கட்டத்தில் வீட்டுக்குள் இருப்பான். நடந்ததை யாரும் வரையவில்லை; ஆனாலும் வந்துவிட்டான். அத்தா கடையிலிருந்து வரும் கடற்கரைச் சாலை முழுவதையும் அந்தச் சந்துக்குள் மடித்துவிடலாம் போலிருந்தது.

ஆகவே அத்தாவை வரவழைக்க ஒரு கதை வரைந்தேன். பையோடு தெருவில் அத்தா, வாசலில் அத்தா, கூடத்தில் பையின் மேல் குனிந்த அத்தா, கடைசியில் மூவரும் ஒரே தட்டைச் சுற்றி. புத்தகங்கள் இடமிருந்து ஓடுவது எனக்குத் தெரியும். ஆனால் அவை வெறும் கதை. நல்ல காரியம் என்றால் வலப்பக்கமிருந்து தொடங்க வேண்டும் என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார். ஓதுகிற பள்ளியில் அரபு வரியும் அங்கேதான் தொடங்கும். தெருவை வலது ஓரத்தில் வைத்தேன். சோற்றை இடது ஓரத்தில் முடித்தேன். குமிழ்களைக் காலியாக விட்டேன். நேருக்கு நேர் அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அத்தா கை கழுவி உட்கார்ந்ததும் தாளை நீட்டினேன். அம்மா குறுக்கே வாங்கிக்கொண்டார். அவர் விரல் இடது ஓரத்துத் தட்டில் தொடங்கி, பையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவில் போய் நின்றது. பிறகு தாளை என்னிடம் தராமல் நேராக அத்தாவிடம் கொடுத்தார்.

"கொழந்தைக்கே தெரிஞ்சிகீது."

அத்தாவும் இடமிருந்துதான் பார்த்தார். "அப்பறம் இன்னாத்துக்கு மறைச்சிகினு. நாளைக்கி வந்து துணிமணிய எடுத்துக்கிறேன்."

அம்மா அவர் தட்டில் ரசம் ஊற்றினார், என்னைக் கேட்கச் சொல்லாமலே.

எனக்குச் சிரிப்பு தாளவில்லை. பேசிவிட்டார்கள். அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறவர் சனிக்கிழமையும் வருகிறாராம். தாளைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடி, மறப்பதற்குள், ஓர் எழுத்துப் பிசகாமல், அம்மா சொன்னதை அம்மாவின் குமிழிலும் அத்தா சொன்னதை அத்தாவின் குமிழிலும் எழுதினேன். பென்சிலில் இல்லை, பேனாவில். அளவெடுத்து விட்டு வைத்ததுபோல் இடம் சரியாக இருந்தது.