கோல் நுனியின் பளபளப்பு

அந்த வியாழக்கிழமை காலை இரகுநாதன் முகம் வெளுத்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

பதுளை டவுனில் வாஹித் நடத்தும் பூல் என்ற மேசைப் பந்தாட்டக் கிளப்பில்தான் நாங்கள் ஆடுகிறோம். பந்தை இடிக்கும் கோலின் நுனியில் சட்டைப் பொத்தான் அளவு ஒரு தோல் வட்டம் இருக்கும். பதினொரு வருடமாக அதைப் பார்த்துக்கொள்பவர் வீரய்யா, தெமோதரைத் தோட்டத்துக்காரர். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முழங்கால் போன பிறகு அவருக்குக் கிடைத்த வேலை இது ஒன்றுதான்.

தேய்ந்த தோலைச் சீவி எடுப்பார். புதியதை ஒட்டி ஒரு நாள் இறுக்கிக் கட்டி வைப்பார். வெளியே நிற்கும் விளிம்பைப் பிளேடால் நறுக்கி, உப்புத்தாளால் தலையை லேசாக உருட்டுவார். கடைசியில் விரலை நாக்கில் தொட்டு, தோலின் பக்கத்தை ஈரமாக்கி, தோல் துண்டொன்றால் மினுங்கும்வரை தேய்ப்பார். அப்படித் தேய்த்த தோல் எத்தனை அடி பட்டாலும் பிதுங்காது. கிளப் திறக்கும் முன்பே செய்துவிடுவதால் யாரும் அதைப் பார்த்ததில்லை.

இரகுநாதன் அரசாங்க அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் கிளப்பின் முதல் ஆட்டக்காரர். ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையில் போட்டி. கோலை எடுக்கக் கிளப் திறக்கும் முன்பே வந்தவர், வீரய்யா விரலை நாக்கில் வைத்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவரோடு வந்த நானும் பின்னால் நின்றேன்.

"இவ்வளவு நாளும் உம்மட எச்சிலைத் தொட்டுக்கொண்டோ நான் விளையாடினனான்?"

ஒரே தட்டில் நாலு பேரோடு கை போட்டு மிக்சர், கடலை என்று பைட்ஸ் தின்கிற மனிதர் கேட்ட கேள்வி இது. கோலைப் பறித்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து நுனியைக் கழுவு கழுவென்று கழுவினார்.

"தண்ணி வேணாங்க ஐயா, தோலு ஊறிப்போயிரும்" என்று வீரய்யா ஒரே ஒரு தடவை சொன்னார்.

இந்த ஆள் இருந்தால் தான் வரப்போவதில்லை என்றார் இரகுநாதன். வாஹித் தலையைச் சொறிந்தார். போட்டி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று வீரய்யாவை அனுப்பினார். அந்தப் பிறகு வரவே வராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அதைவிடக் கேவலம், வீரய்யா போலத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நானும் ஓசைப்படாமல் போய்க் கை கழுவினேன்.

ஞாயிறு, இறுதி ஆட்டம். கறுப்புப் பந்து மட்டும் பாக்கி, குழிக்கு ஒரு சாண் தூரம். இரகுநாதன் இடித்தார். நுனி வழுக்கி, வெள்ளைப் பந்து கோணலாக ஓடி வேறு குழியில் விழுந்தது. அதோடு ஆட்டம் போயிற்று. தேத்தண்ணீரில் நனைத்த பிஸ்கட் போலத் தோல் உப்பிப்போயிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இரண்டு நாள் வேறு ஆட்களிடம் கோலைக் கொடுத்து அலைந்தார், சரிவரவில்லை. பிறகு, வீரய்யாவைக் கூப்பிடுங்கள் என்று அவரே வாஹித்திடம் சொன்னார்.

வீரய்யா வந்தார். யாரிடமும் பேசவில்லை. புதுத் தோலை ஒட்டினார். மறுநாள் எங்கள் எல்லோருக்கும் முன்னால் விளிம்பை நறுக்கி, தலையை உருட்டினார். பிறகு நுனியை இரகுநாதன் பக்கம் நீட்டினார்.

"தேய்க்கிறத நான் தேய்க்கிறேங்க. எச்சி மட்டும் உங்களோடதா இருக்கட்டும்."

வேலை போய்த் திரும்பி வந்த மனிதர் பேசுகிற பேச்சா இது? இரகுநாதன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு, அவ்வளவு பெரிய அதிகாரி, விரலை நாக்கில் வைத்தார்.

வீரய்யா நிதானமாகத் தேய்த்து முடித்து, கோலை அவர் கையில் கொடுத்தார். மேசையில் அடுத்ததாகத் தேய்க்கக் காத்துக் கிடந்தது என் கோல்.