புளியமரத்தில் ஒரு பெங்களூர்ச் சாமி

அடுத்தவரைத் தூங்கவைப்பது தொழிலாகிவிட்டால் நம் தூக்கம் போய்விடும். விடுதி நடத்துபவர்களுக்கும் இரவுப் பேருந்து ஓட்டுபவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். நானும் என் தோழி ஸ்டெல்லாவும் இன்னும் ஒரு படி மேலே போய், ஆட்களை மரத்தில் தூங்கவைத்தோம். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், செல்லமுத்து அண்ணன் தோட்டத்துப் பெரிய புளியமரத்தில் ஆள் படுக்கும் துணித்தொட்டில்களைக் கட்டி, வெளியூர்க்காரர்களை இரவு தங்கவைப்போம். ஸ்டெல்லா சேலத்தில் நல்ல வேலையை விட்டுவிட்டு இதற்காக வந்தவள். எங்கள் இருவர் பிழைப்பும் அந்த ஒரு மரத்தில்தான் தொங்கியது.

அண்ணன் மரத்தைக் கொடுத்தபோது சொன்னது இதுதான்: "ஆளுங்க படுத்துக்கட்டும். ஆனா ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னைக்கே நிறுத்திப்போடோணும்."

எந்தக் கயிறு?

முதலில் வந்தவர்களில் நாமக்கல்லைச் சேர்ந்த வங்கி ஊழியர் ஒருவர். புளியமரம் என்றதுமே அவர் முகம் மாறியது. நான் பொறுமையாக விளக்கினேன். புளியங்கிளை லேசில் முறியாது. பட்ட கிளைகளை எல்லாம் முன்பே வெட்டிவிட்டோம். தொட்டிலைத் தாங்க இரண்டு கயிறுகள். அதுபோக இடுப்பில் ஒரு பட்டை. அந்தப் பட்டையின் கயிறு தனியாக மேல்கிளையில் கட்டியிருக்கும். தூக்கத்தில் புரண்டாலும் ஆள் தரைக்கு வர மாட்டார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பட்டையை மாட்டும்போதுதான் என் காதருகே குனிந்து கேட்டார்: "பேய் வந்தா எந்தக் கயித்தை மொதல்ல அவுக்கோணுங்க?"

லோடு கட்டு

சங்ககிரியிலிருந்து லாரி வைத்திருக்கும் நண்பர்கள் மூவர் வந்தார்கள். நாங்கள் கட்டிய தொட்டிலைப் பார்த்துச் சிரித்தார்கள். "இதென்னங்க, தொளதொளன்னு கெடக்குது" என்று ஒருவர் அவிழ்த்து, லோடுக்கு மேல் தார்ப்பாய் இழுப்பதுபோல இழுத்துக் கட்டினார். தட்டினால் மேளம்போலச் சத்தம் வந்தது.

தொட்டிலுக்கு அந்த இறுக்கம் ஆகாது. நடுவில் நன்றாகத் தொய்ந்து இருக்க வேண்டும். அதில் கொஞ்சம் குறுக்காகப் படுத்தால்தான் முதுகு நேராக இருக்கும், தொட்டிலும் கவிழாது. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஏறிப் படுத்துவிட்டார். தொட்டில் அப்படியே திரும்பிக்கொண்டது. இடுப்புப் பட்டை தாங்கிப் பிடிக்க, கையும் காலும் விரித்து அந்தரத்தில் தொங்கினார். கீழே நின்ற நண்பர் நிதானமாக அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "மாப்ளே, லோடு பத்திரமா இருக்குது. டிரைவரு மூஞ்சிதான் சரியில்ல."

எறும்பு

கயிற்று வழியாக எறும்பு வராமலிருக்க, இரு முனைகளிலும் வேப்பெண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றுவோம். திருச்செங்கோட்டுக் கடையில் ஸ்டெல்லாவுக்கு மலிவாகக் கிடைத்தது மஞ்சள் துணி. மறுநாள் பார்த்தால் மரமெங்கும் மஞ்சள் முடிச்சு. எறும்பு நின்றுவிட்டது. அன்று தங்கிய ஈரோட்டு அம்மா ஒருவர் விடிந்ததும் தன் சேலையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரத்துல தூங்குனேன்னா எங்க ஊட்டுல நம்ப மாட்டாங்க. இந்த வாசத்தோட போனா நம்பிருவாங்க."

எந்தச் சாமி?

எங்கள் பக்கத்தில் பெரியவர், சிறியவர் எல்லாரையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டெல்லா இதைக் கொஞ்சம் அளவுக்கு மீறியே கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு காலை, மலைக்கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தம்பதி வண்டியை நிறுத்தினார்கள். மஞ்சள் துணியையும் தொட்டிலையும் பார்த்த அந்தப் பெண், "இது எந்தச் சாமிக்குக் கட்டுன தொட்டிலுங்க?" என்று கேட்டாள்.

முந்தின இரவு தங்கியவரைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தாள் ஸ்டெல்லா. "பெங்களூர்ச் சாமிங்க. இன்னும் தூங்குறாரு" என்றாள். நான் ஓடி வருவதற்குள் அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டாள். புருஷனின் துண்டைக் கிழித்து, ஒரு கூழாங்கல்லை வைத்து, தாழ்ந்த கிளையில் குட்டித் தொட்டிலாகக் கட்டினாள். கல்யாணமாகி வெகுநாளாகக் குழந்தை இல்லையாம். அதைக் கேட்ட பிறகு, அவளைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஏதோ சொல்ல வந்த புருஷனை அவள் அதட்டினாள்: "படுத்திருக்கற சாமின்னா பள்ளிகொண்ட பெருமாளு. மெதுவாப் பேசுங்க."

பேச்சு வந்தது

அதன்பிறகு தொட்டில்கள் தானாகப் பெருகின. நாங்கள் பெரிய தொட்டில் கட்டப் போனால் அங்கே குட்டித் தொட்டில் இருக்கும். அவிழ்க்க எனக்கும் கை வரவில்லை, ஸ்டெல்லாவுக்கும் வரவில்லை. "யாரோட ஆசையோ, எப்படிங்க பிரிக்கிறது?" என்பாள். விருந்தினர்களுக்கோ, காலையில் கண் விழித்தால் கீழே நாலு பேர் கும்பிட்டுக்கொண்டு நிற்பது பிடிக்கவில்லை.

செய்தி செல்லமுத்து அண்ணன் காதுக்கு எட்டி, அவரே வந்துவிட்டார். அவர் முன்னால் எப்படியாவது விஷயத்தை முடித்துவிட வேண்டுமென்று, அப்போது கெங்கவல்லியிலிருந்து துணியோடு வந்திருந்த பெண்ணிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். இங்கே சாமி இல்லை, வாடகைக்குத் தூங்குகிறவர்கள்தான் என்று தெளிவாகவே சொன்னேன். அவள் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "அப்ப இத்தனை பேரும் சும்மாவா கட்டியிருக்காங்க?" என்றாள்.

அண்ணன் மெல்லச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். கோபம் இல்லை, கொஞ்சம் சங்கடம்தான். "தப்பா நெனைக்காதீங்க சாமி. இனி இதுல எப்படிங்க கால நீட்டிப் படுக்கறது?"

அன்று மாலையே எங்கள் தொட்டில்களை மட்டும் அவிழ்த்துக்கொண்டு இறங்கினோம். இப்போதும் பேருந்தில் அந்த வழியாகப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பேன். மரம் மஞ்சளாக அசையும். அங்கே படுத்தவர்கள் கதை சொல்லிக்கொண்டே தூங்கிப்போன குரல்கள் நினைவுக்கு வரும். ஸ்டெல்லா மறுபடி சேலத்தில் வேலைக்குப் போகிறாள்.

பேய் இருக்கிறதென்று பயந்தவர்களை எல்லாம் பேசிப் பேசி மரமேற்றிய எங்களால், சாமி இல்லை என்று ஒருவரைக்கூட நம்பவைக்க முடியவில்லை.