கால்வாய்க் கரையில் வந்த "வாறன்"

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனைக்கு வேலைக்கு வந்தவர். நான் கண்டிப் பக்கத்து வத்தேகமக்காரி. மகன் அவரிடம் அவர் தமிழ் பேசுவான், என்னிடம் என் தமிழ். ஒரே மூச்சில் மாற்றிக்கொள்வான்.

படிக்கக் கனடா போவது முடிவானதும் எங்களுக்கும் ஒரு திட்டம் போட்டான். "என்னய விட்டுட்டு வேன்ல அழுதுகிட்டே வராதீங்க. சைக்கிளயும் ஏத்திக்கிட்டுப் போவோம். கட்டுநாயக்க ஏர்போட்ல இருந்து கால்வாய் ஓரமா கொழும்புப் பக்கம் ஓட்டுங்க. வேன் வத்தளையில நிக்கும்." கண்டியில் சைக்கிள் ஓட்டுவதென்றால் பாதி வழி தள்ளுவதுதான். சமதரை என்றதும் இவர் சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விமான நிலைய வாசலில் மகன் என் கையை விடவில்லை. "அம்மா, போகாம இருந்துரவா?" என்றான். இரு என்று சொல்லத்தான் வாய் துடித்தது. அழுதுவிடுவேனோ என்ற பயத்தில், "போடா!" என்று எரிந்து விழுந்துவிட்டேன். போயிட்டு வா என்றுகூடச் சொல்லவில்லை. பெற்றவள் சொல்கிற சொல்லா அது?

பமுனுகமவில் கால்வாய்க் கரையைப் பிடிக்கும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு மிதித்தேன். கரையோரம் படகுகள் கட்டிக் கிடந்தன. பெரிய உடும்பு மாதிரி ஒரு கபரகொய்யா ஆடி அசைந்து பாதையைக் கடக்க, இறங்கி நின்றோம். அப்போதுதான் என் போனில் மகனின் செய்தி வந்தது.

"அம்மா, வாறன்."

"ஐயோ, புள்ள போகல்லங்க! திரும்பி வாரான்!" என்று கத்தினேன்.

இவர் போனை வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். "ஓம், சைக்கிளைத் திருப்பும்" என்றார்.

வந்த வழியெல்லாம் திரும்ப மிதித்தோம். கால் வலியே தெரியவில்லை. ராத்திரிக்கு அவனுக்குப் பிட்டும் சம்பலும் செய்ய வேண்டும் என்றேன். அவன் அறையை ஒழிக்காமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று என்றேன். இவர் "ஓம், ஓம்" என்று பின்னாலேயே வந்தார்.

விமான நிலைய வாசலில் அவனைக் காணோம். போன் எடுத்தேன். "எங்கய்யா நிக்கிற?"

"பிளேன் ஏற லைன்ல நிக்கிறேம்மா. மெசேஜ் கிடைக்கல்லியா? வாறன்னு அனுப்புனேனே!"

யாழ்ப்பாணத்தார் புறப்படும்போது அப்படித்தான் சொல்வார்கள். போகிறேன் என்று வாயில் வராது. இருபத்தைந்து வருடமாக இவர் தினமும் "வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். எனக்குத் தெரியாதா என்ன? பிள்ளை அவசரத்தில் அப்பாவின் தமிழில் எழுதிவிட்டான், நான் என் தமிழில் வாசித்துவிட்டேன்.

"கிடைச்சிச்சு" என்றேன். "போயிட்டு வாய்யா. சரியா? வந்துரு."

போனை வைத்ததும் இவர் மேல் பாய்ந்தேன். "உங்க ஊர்ப் பேச்சு உங்களுக்குத் தெரியாதா? அங்கயே சொல்லியிருக்கலாமே!"

இவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "தெரியும்" என்றார். "அவன் திரும்பி வாறான் எண்டு நீர் கத்தேக்க, கொஞ்ச நேரமெண்டாலும் அப்பிடியே இருக்கட்டும் எண்டு எனக்கும் பட்டது."