காகம் கொண்டுபோன பால்

என் தம்பி நிலோஜனின் பெண்சாதி வதனி சரியான பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தால் பயம், சீருடையைக் கண்டால் பயம், இடி முழங்கினால் பாயில் சுருண்டு படுத்துவிடுவாள். "இவளக் கட்டி என்னடா செய்யப்போறாய்?" என்று கலியாணத்துக்கு முதலே தம்பியிடம் கேட்டவள் நான். மச்சாள்மார் வேறெப்படிக் கேட்பார்கள்? ஆனாலும் அந்த மார்கழியிலும் தையிலும் அவள் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவளும் நான்தான். வேறு ஆள் சொன்னால் பிழையாகச் சொல்லிவிடும்.

எங்கள் ஊர் பெரியகல்லாறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இடையில் நாங்கள். வதனியின் வீடு வாவிப் பக்கம். அவளுடைய அக்கா புஸ்பம் புருசன் அழகரத்தினத்தோடு கடற்கரைப் பக்கம் இருந்தாள்.

வதனியின் மகள் கஜானிக்கு இரண்டரை வயதாகியும் பால்குடி மறக்கவில்லை. வாய் நிறையப் பல்லும் கதையுமாகத் திரிபவள், விளையாட்டின் நடுவில் ஓடிவந்து தாயின் சட்டையைத் தூக்குவாள். ஊரே சிரித்தது. வதனி வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தாள். அந்தக் கள்ளி பாவாடை நுனியால் துடைத்துவிட்டுக் குடித்தாள். கடைசியில் எல்லாத் தாய்மாரும் சொல்கிற பொய்யை இவளும் சொன்னாள். "பால் இல்ல மகள். காகம் கொண்டுபோயிட்டு." கஜானி முற்றத்தில் போய் நின்று, முருங்கையில் இருந்த காகத்தைப் பார்த்து "தா, தா" என்று கை நீட்டினாள். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

தாயைக் காணாமல் இருந்தால்தான் பால் மறக்கும் என்று பிள்ளையைக் கொஞ்ச நாள் பெரியம்மா வீட்டில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியம்மாவும் தாய்தானே, தாய்வழியில் ஒரே குடி. அப்படித்தான் கஜானி புஸ்பத்திடம் போனாள். புஸ்பத்தின் கையில் அப்போது பிரதீஸ், பிறந்து இரண்டு மாதம். கஜானி பெரியம்மாவிடமும் பால் கேட்டுப் பார்த்தாளாம். "அது தம்பிட பால் மகள்" என்றதும் பேசாமல் போய்விட்டாளாம். இங்கே வதனி மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினாள். மார்பு கல்லாகி, காய்ச்சல் வந்து, பிறகு மெல்ல வற்றியது. பின்னேரங்களில் புஸ்பத்தின் வேலிக்கு வெளியே ஒளித்து நின்று மகளைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வருவாள்.

நத்தாருக்கு அடுத்த நாள், டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை காலை, புஸ்பம் பிரதீஸைக் குளிப்பாட்டத் தூக்கிக்கொண்டு வதனியிடம் வந்தாள். காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்தி எண்ணெய் பூசுவதில் வதனிக்குக் கைராசி. நானும் அங்கேதான் கதைத்துக்கொண்டிருந்தேன்.

"கஜானி எங்க?" என்று வதனி கேட்டாள்.

"அவருக்குப் பக்கத்தில இருந்து வலையக் குழப்பிறாள்" என்றாள் புஸ்பம்.

"அக்கா, எனக்கு ஒரு சொட்டும் இல்ல. முழுக்க வத்திட்டு. இண்டைக்கு அவளக் கூட்டிக்கொண்டு வாவன். இவன நான் குளிப்பாட்டி வைக்கிறன்."

புஸ்பம் மகனைத் தங்கையின் காலில் கிடத்திவிட்டு, தங்கையின் மகளைக் கூட்டிவரப் போனாள்.

பிறகு சத்தம் கேட்டது. சண்டை நின்றிருந்த காலம்தான், ஆனால் எங்கள் காதுகள் இன்னும் சண்டைக்குள்ளேதான் இருந்தன. ஷெல் என்றே நினைத்தோம். பழகின உடம்பு, குப்புற விழுந்து படுத்தோம். வதனி பிரதீஸின் மேல் கவிழ்ந்துகொண்டாள். எங்கள் முழங்கையில் தண்ணீர் பட்டது. "வெடியில்ல, கடல்! எழும்புங்க!" என்று நிலோஜன் அலறிக்கொண்டு வந்து எங்களை இழுத்துத் தோணிக்குள் தள்ளினான். தோணி வாவியில் சுழன்று போனபோது வதனி "மகள், மகள்" என்று கத்தினாள். கையில் இருந்தது அக்காவின் மகன். புஸ்பமும் எங்களைப் போலவே சத்தம் கேட்டுக் கஜானியை அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் குப்புறப் படுத்திருப்பாளோ என்று இன்றைக்கும் எனக்கு நினைப்பு வரும். வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

வாவிக்கு அப்பால், படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். அழகரத்தினத்தின் உடல் கிடைத்தது. புஸ்பமும் கஜானியும் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களுக்காக ஊர்ச்சனம் கடற்கரைக்குப் போய்க் கடலில் பால் வார்த்துவிட்டு வந்தது. நிவாரணத்தில் வந்த பால்மாவைத்தான் கரைத்து வார்த்தார்கள், வேறு பாலுக்கு எங்கே போவது? வதனி போகவில்லை.

"என்னத்துக்குப் பால் வார்க்கிற? அவள் பெரியம்மாவோட நிக்கிறாள். பால் மறந்ததும் வருவாள்" என்றாள்.

இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று தம்பியைக் கேட்டேன். அவன் மகளைத் தேடப் போய்விட்டான்.

அதைவிடப் பெரிய பயம் பிரதீஸ். தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் அறியாத வயிறு. முகாமில் பால்மாத் தகரப் பேணிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. கரைக்க நல்ல தண்ணீர்தான் இல்லை, போத்தலை அவிக்க விறகும் இல்லை. பேணியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களைப் பிடித்து அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவைத்திருக்க வேண்டும். பக்கத்து வகுப்பறையில் ஒரு கைக்குழந்தை வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரி வாகனத்தில் போனது. தாய் வெறுங்கையோடு திரும்பி வந்து வாசலில் இருந்தாள். அவளை வதனி கண்வெட்டாமல் பார்த்தாள்.

அதற்கடுத்து பிரதீஸுக்கும் வயிற்றால் போகத் தொடங்கியது. கண் உள்ளே போனது. அழுதான், கண்ணீர் வரவில்லை. வதனி நொடிக்கொரு தரம் அவன் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தாள். அது பள்ளமாகிக்கொண்டே போனது.

"மச்சாள், இவனும் போயிடுவானா?"

"வாயக் கழுவு" என்று ஏசினேன். ஏசத்தான் எனக்குத் தெரியும். உள்ளுக்குள்ளே நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் யாரோ "கடல் வருது!" என்று கத்தினார்கள். படுவான்கரைக்குக் கடல் எப்படி வரும் என்று கேட்க அந்த நேரம் யாருக்கும் மூளை இல்லை. சனமெல்லாம் எழும்பி வயல்வட்டைப் பக்கம் ஓடியது. வயல் வரப்பு, சேறு, அதற்கு அங்கால் புதர் மண்டிய பற்றைக்காடு. அங்கே போய் விழுந்தோம். பால்மாவும் போத்தலும் பள்ளிக்கூடத்தில் கிடந்தன. திரும்பிப் போக ஒருவருக்கும் துணிவில்லை. பிரதீஸ் அழுது அழுது குரல் அடைத்து, பூனைக்குட்டி போல முனகத் தொடங்கினான். முனகலும் குறைந்தது. அந்த அமைதி இருக்கிறதே, கடல் போட்ட சத்தத்தைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வதனி சட்டையைத் திறந்து வற்றின மார்பை அவன் வாயில் வைத்தாள். பசி ஆற்ற அல்ல, அதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை சாகும்போது வாயில் ஏதாவது இருக்கட்டும் என்று வைத்தாள். பிறகு அவளே என்னிடம் சொன்னாள். அவன் கவ்விக்கொண்டான். வெறும் மார்பைச் சூப்பிச் சூப்பி அப்படியே தூங்கிப்போனான்.

அடுத்த நாள் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியதும் காத்தான்குடியிலிருந்து நடமாடும் வைத்தியக் குழு வந்தது. அதில் வந்த மிட்வைஃப் ஸஹீதா மிஸ்ஸி பிரதீஸுக்குச் சேலைன் ஏற்றவைத்தாள். பற்றைக்காட்டில் நடந்ததைக் கேட்டதும் வதனியின் பக்கத்தில் வந்து பாயில் இருந்தாள்.

"புள்ள, வத்தின பால் மறுகா ஊறும். இவன் இழுக்க இழுக்கத்தான் ஊறும். ஒரு கிழம போகலாம், கூடவும் போகலாம். வராமலும் போகலாம், நான் பொய் சொல்ல மாட்டன். ஆனா மாப்பாலக் குறைக்காட்டி இவன் தாங்கமாட்டான்."

வதனி பிரதீஸின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "வந்தா ரெண்டு புள்ளைக்குக் காணுமா மிஸ்ஸி?"

"ஏன் காணாது? இரட்டப் புள்ள பெத்தவங்க குடுக்கிறாங்கதானே" என்றாள் ஸஹீதா. மற்றப் பிள்ளை எங்கே என்று அவள் கேட்கவில்லை. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஸஹீதா ஆஸ்பத்திரிக் குழாய் ஒன்று கொண்டுவந்தாள், நூலைவிடக் கொஞ்சம் தடிப்பு. ஒரு நுனியை வதனியின் முலைக்காம்போடு சேர்த்துப் பிளாஸ்டரால் ஒட்டினாள். மறுநுனி கோப்பைக்குள். கோப்பையில் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்த பால்மா. பிள்ளை மார்பைச் சூப்பினால் கோப்பைப் பால் குழாயால் ஏறி வாய்க்குள் போகும். வெறும் மார்பு என்று அவன் விட்டுவிடாமல் இருக்க அந்த வேலை. தண்ணீர் அவிக்க மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றும் தந்துவிட்டுப் போனாள். கோப்பையைப் பிடிப்பது என் பொறுப்பு. முன்னே பின்னே ஒரு பிள்ளைக்கும் பால் கொடுத்தறியாதவள் நான், கோப்பை பிடிக்கவாவது உதவினேனே.

ஒவ்வொரு தரமும் பிள்ளையை மார்புக்குக் கொண்டுபோகும்போது வதனி இடையில் நிறுத்திவிடுவாள்.

"எனக்குப் பயமாயிருக்கு மச்சாள். இந்தப் பாலை மறக்கவெண்டுதானே அவள அனுப்பினன். இத நம்பி ஒரு புள்ள போயிட்டு. இவனும் இத நம்பினா?"

"பிடி, பிடி, பால் ஆறுது" என்றேன்.

முகாமில் பெண்கள் சும்மா இருப்பார்களா? பால்சுறா சாப்பிடாமல் ஒருத்திக்கும் பால் ஊறியதில்லை என்றார்கள். எங்கள் ஊரில் பிள்ளைபெற்றவளுக்கு முதல் கறி அதுதான். ஆனால் கடல் அடித்த நாளிலிருந்து யாரும் மீன் வாயில் வைக்கவில்லை. கடலிலும் வாவியிலும் எங்கள் சனம் கிடந்ததே. இலட்சுமிப்பிள்ளை என்ற மனுசி எங்கேயோ ஒரு குட்டிச் சுறாவைத் தேடிப்பிடித்து, அவித்து, தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டி, ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். நல்ல மனதோடுதான் செய்தாள்.

"புள்ளைக்காகச் சாப்பிடு மகள். இது இல்லாட்டி வராது."

வதனி தட்டைப் பார்த்தாள். பிரதீஸைப் பார்த்தாள். ஒரு பிடி அள்ளி வாய்வரை கொண்டுபோனாள். அங்கேயே கை நின்றது.

"இது எந்தக் கடல்ல பிடிச்ச?" என்று கேட்டாள்.

அவள் அள்ளிய சுறா விரல்களுக்கிடையால் உதிர்ந்தது. பிறகு வாய்விட்டு ஒரு சத்தம் போட்டாள், அதை என்னால் சொல்லமுடியாது. நான் தட்டைத் தூக்கி வெளியே வீசினேன். இலட்சுமிப்பிள்ளையோடு சண்டையும் பிடித்தேன். அவள் பாவம். ஆனால் அன்றிலிருந்து எங்களுக்கெல்லாம் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது, சுறா சாப்பிடாதவளுக்குப் பால் வராதோ என்று. வதனி பிரதீஸை இந்த மார்பிலும் அந்த மார்பிலுமாக மாற்றிமாற்றிப் போட்டாள். காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். பல்லிக்குப் பயந்தவள்.

ஒரு நாள் வெயில் ஏறின நேரம். வகுப்பறைச் சுவரில் சாய்ந்து கோப்பையைப் பிடித்திருந்த நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் கோப்பை சரிந்து, பால் பாயில் ஊற்றுண்டு கிடந்தது. குழாயின் நுனி வெளியே தொங்கியது. பிள்ளையின் பாலைக் கொட்டிவிட்டேனே என்று கோப்பையை நிமிர்த்தினேன். பிரதீஸைப் பார்த்தேன். அவன் விழுங்கிக்கொண்டிருந்தான். தொண்டை ஏறி இறங்கியது. 'மடக்' என்று சத்தம்கூடக் கேட்டது.

"வதனி" என்றேன். "கோப்பையில ஒண்டும் இல்ல."

அவள் முதலில் கோப்பையைப் பார்த்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்தாள். மெல்ல விரலை விட்டு அவன் வாயை விடுவித்தாள். காம்பில் ஒரு சொட்டு வெள்ளையாக நின்றது. ஸஹீதாவைக் கூப்பிட வேண்டும், நிலோஜனைக் கூப்பிட வேண்டும், இலட்சுமிப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்று சிரிக்க வேண்டும் என்றெல்லாம் எனக்கு வந்தது. வதனியின் முகத்தைக் கண்டதும் எல்லாம் நின்றுவிட்டது. அவள் பயந்துபோயிருந்தாள்.

"இல்லையெண்டு சொல்லித்தானே மச்சாள் அவள அனுப்பினன்" என்றாள். "இந்தா இருக்கே. இருக்கே."

பிரதீஸ் பால் தேடி அழுதான். அவள் அவனை மீண்டும் மார்பில் சேர்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கடல் அடித்ததிலிருந்து அவள் அழுதது அன்றைக்குத்தான். அவன் அதைக் கவனிக்கவே இல்லை, குடித்துக்கொண்டே இருந்தான்.

பிறகு நாளுக்கு நாள் கோப்பையில் பாலைக் குறைத்தோம். ஒரு நாள் குழாயைக் கழற்றியெறிந்தோம். உச்சிக்குழி நிரம்பியது. அழுதால் கண்ணீர் வந்தது. அவன் அழும்போது சந்தோசப்பட்ட ஒரே மனுசர் நாங்களாகத்தான் இருப்போம்.

ஒரு காலையில் வதனி, "கடற்கரைக்குப் போகோணும். தோணிய எடுங்க" என்று நிலோஜனிடம் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். நான் ஓமென்று தலையை ஆட்டினேன்.

ஊரில் வேலிகள் இல்லை. புஸ்பத்தின் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. கடல் ஒன்றும் தெரியாதது போல அமைதியாகக் கிடந்தது. அந்த அமைதியை நம்பாமல் நான் மேட்டிலேயே நின்றுவிட்டேன். வதனி பிரதீஸை என் கையில் தந்தாள். மெல்ல மெல்ல இறங்கினாள். அலை வந்து காலைத் தொட்டதும் பின்னுக்குப் பாய்ந்தாள். நிலோஜன் பிடிக்கப் போனான், அவள் கையை உதறினாள். திரும்பவும் இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டையைத் திறந்தாள்.

குனிந்து தன் பாலைக் கடலில் பீய்ச்சினாள். நுரையில் விழுந்த பால் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் சொன்னது மட்டும் கேட்டது.

"காகம் தந்திட்டு மகள். வந்து குடி."

இரண்டு பக்கமும் பீய்ச்சினாள். பிறகு சட்டையைப் பூட்டிக்கொண்டு கரைக்கு வந்து, என் கையிலிருந்து பிரதீஸை வாங்கினாள்.