மாமா கழற்றிப் போட்ட கவர்

அம்மாவின் இடது கண்ணைக் கெடுத்தது என் மாமா. நான் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்தக் கதை எப்போதும் "இவ ஒரு கல்ல விட்டுட்டா" என்றுதான் ஆரம்பிக்கும்.

எனக்கு அப்போது எட்டு வயது. தம்பிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கமாக நாங்கள் கட்டிய புது வீட்டின் கொல்லையில் பந்தல் போடுவதாக ஏற்பாடு. கொல்லை முழுக்க இடுப்பளவு புல். புல்லுக்குள் வீடு கட்டி மிஞ்சிய ஜல்லி. அம்மாவின் அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். தம்பியை மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன் அவர்தான்.

ஆள் விட்டு அறுத்துவிடலாம் என்றார் அப்பா. மாமா சிரித்தார். "அங்கல்லாம் ரோட்டோரப் புல்லக்கூட மெஷின்லதான் வெட்டுறான் மாப்ள. நீங்க இன்னும் அருவாளத் தூக்கிக்கிட்டு..."

மன்னார்புரத்தில் ஒரு கடைக்கு என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். கடைக்காரர் கொல்லை எவ்வளவு பெரிசு, தரை எப்படி என்றெல்லாம் கேட்டார். ஜல்லி கிடக்கிறது என்றதும் நைலான் நரம்பு சுற்றிய பெட்ரோல் மெஷினை எடுத்துக் காட்டினார். "வீட்டுக்கு இது போதுங்க. கல்லு கெடக்குற எடத்துல பிளேடு வேணாங்க."

"நரம்பா? நான் என்ன மீனா புடிக்கப் போறேன்? பிளேடு போட்டுக் குடுங்க."

கடைக்காரர் போட்டுக் கொடுத்தார். பிளேடை மறைக்கிற கவரை மட்டும் கழற்றக் கூடாது என்றார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மறுநாள் காலையிலேயே அம்மா என்னைக் கொல்லையில் இறக்கிவிட்டாள். வேலை, கல் பொறுக்குவது. என் தலை மட்டும் வெளியே தெரிகிற புல்லில் நான் எதைப் பொறுக்குவேன்? கண்ணில் பட்டதைப் பொறுக்கினேன்.

மதியம் மாமா ஆரம்பித்தார். லுங்கி, ரப்பர் செருப்பு, கூலிங் கிளாஸ். பெட்ரோலில் ஆயிலை மட்டும் அளந்து சரியாகக் கலந்தார், அதை ஒத்துக்கொள்கிறேன். முந்தின நாள் பெய்த மழையில் புல் ஈரமாக இருந்தது. கவருக்குள் போய் அடைத்துக்கொண்டு மெஷின் இரண்டு முறை நின்றது. மூன்றாவது முறை ஸ்பேனர் எடுத்துக் கவரைக் கழற்றி என் பக்கம் எறிந்தார். "இந்தா மருமவளே, ஒனக்கு மொறம்."

ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக். உண்மையிலேயே முறம் மாதிரி வளைந்திருந்தது. வெட்டி முடித்த பக்கத்தில் உட்கார்ந்து, கிடைத்த கல்லையெல்லாம் அதில் போட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அம்மா காப்பியோடு வந்து "அண்ணே" என்று கூப்பிட்டாள். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து கூப்பிட்டாள். அவர் மெஷினை நிறுத்தாமல் அப்படியே திரும்பினார். டிங் என்று ஒரு சத்தம். டம்ளர் கீழே விழுந்தது. அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். காப்பி கொட்டிச் சுட்டுவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் கண்ணில் கட்டோடு அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தார்கள். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். மாமாதான் முதலில் பேசினார். "பாப்பாகிட்டதான கல்லப் பொறுக்கச் சொன்னோம்? ஒழுங்காப் பாத்திருந்தா இது நடக்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பாவின் அக்கா, என் அத்தை, முந்திக்கொண்டாள். "நாலு நாள்ல புள்ள அவரு மடியில உக்காரணும். பேச்ச விடுங்க."

பேச்சை விட்டார்கள். என் மடியில் அந்த ஆரஞ்சு முறம் கல்லோடு இருந்தது. அது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. தம்பி மாமா மடியில் அழுகிறான். அம்மா ஒற்றைக் கண்ணோடு சிரிக்கிறாள். அந்த போட்டோ இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கண்ணில் பார்வை வரவில்லை. அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் என்னிடம் அரிசி புடைக்கக் கொடுத்ததில்லை. "அவகிட்டயா? கல்ல விட்டுடுவா" என்று மாமா சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன மாதம் அதே கொல்லைக்குப் புல் வெட்ட நானே ஒரு பெட்ரோல் மெஷின் வாங்கினேன். நரம்பு போட்டதுதான் கேட்டேன். முகத்துக்கு மறைப்பும் காலுக்கு பூட்ஸும் வாங்கினேன். கடைப் பையன் கடைசியாக ஒன்றை எடுத்து ஸ்குரூ போட்டு முடுக்கினான். "இது இல்லாம ஸ்டார்ட் பண்ணாதீங்கக்கா. கல்லு அடிச்சா நேரா ஆளு மேல வரும். கவரு இருந்தாலும் அம்பது அடிக்குள்ள யாரையும் விடாதீங்க."

கறுப்புக் கலர். ஆனால் அதே வளைவு. என் முறம்.

வீட்டுக்கு வந்து, மாமா அன்றைக்குக் கவரைக் கழற்றியது தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், இடது பக்கம் நின்ற என்னைப் பார்க்கத் தலையை முழுசாகத் திருப்பினாள்.

"தெரியும்டி. அன்னிக்கே ஒன் மடியில பாத்தேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"மடி குடுக்குற அண்ணன எப்படிடி சொல்றது? நீ சின்னப் புள்ள. மறந்துருவேன்னு நெனச்சேன்."

நான் மறக்கவில்லை. அன்றைக்கு எல்லோரும் பேசாமல் இருந்ததை வைத்து, என்னை மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த மன்னிப்பு எனக்கு இல்லை, மாமாவுக்கு என்பது எட்டு வயதில் எனக்குப் புரியவில்லை.

வரும் மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. அதே கொல்லை. புல்லை நானே வெட்டிவிட்டேன், கவரோடு. மாமா, நீங்கள் வருவீர்கள், முன் வரிசையில் உட்காருவீர்கள். இந்த முறை மடி உங்களுடையது இல்லை, என் தம்பியுடையது. அதனால் யாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. பந்தலில் மைக் இருக்கும். எழுந்து வந்து, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: அந்தக் கல் பறந்தபோது கவர் எங்கே இருந்தது?