நெவிலுக்குப் பதிலாக

ராட்னி தாக்ரேவும் நானும் ஒரே இசைக்குழு. அவன் கிட்டார், நான் டிரம்ஸ். இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு என்கிற எங்கள் ஊரில் கம்பளி ஆலையின் சாயப் பிரிவில் அவனுக்கு வேலை. நகக்கண்ணில் நீலம் போகவே போகாது. வெள்ளிக்கிழமை பப்பில் அந்த விரல்கள் கம்பியை இழுத்து ப்ளூஸ் வாசித்தால், பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை மறந்துவிடுவார்கள்.

குழுவில் இரண்டாவது கிட்டார் நெவில் ஸ்பிங்க். வாசிப்பு சுமார்தான். ஆனால் ஆள் லட்சணமாக இருப்பான், பாடவும் செய்வான். ராட்னியின் வாசிப்பைக் கேட்க லண்டனிலிருந்து ஒரு பெரிய குழுவின் மேனேஜர் வந்தார். போகும்போது நெவிலைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து ராட்னிக்கு வயிற்றெரிச்சல்தான். நெவிலின் பாட்டு வந்தால் ரேடியோவை அணைப்பான். பிறகு பக்கத்து வீட்டு ரேடியோவைச் சுவரில் காதை வைத்துக் கேட்பான். மீன் வறுவல் கடை வரிசையில் நெவிலின் அம்மா மகன் அமெரிக்கா போன கதையைச் சொன்னதால், ராட்னி கடையையே மாற்றினான்.

"பேசாம நீ அவனையே கட்டியிருக்கலாம். என்னைவிட அவன் நெனப்புதானே உனக்கு ஜாஸ்தி?" என்பாள் அவன் மனைவி மோரீன்.

1972-இல் நெவிலின் குழு எங்கள் டவுன் ஹாலில் வாசிக்க வந்தது. அன்று மதியம் வேன் கதவில் நெவிலின் இடது கை மாட்டி, இரண்டு விரல் முறிந்துவிட்டது. கட்டோடு ராட்னி வீட்டு வாசலில் வந்து நின்றான். நானும் அங்கே இருந்தேன்.

"இன்னிக்கு மட்டும் எனக்குப் பதிலா வாசிடா. எங்க பாட்டெல்லாம் தெரியுமில்ல?"

"உன் பாட்டு ஒண்ணுகூட நான் கேட்டதில்ல."

"பொய்!" என்று சமையலறையிலிருந்து மோரீன் கத்தினாள். "எல்லாத்தையும் தலைகீழா வாசிப்பான். கூட்டிட்டுப் போ!"

ராட்னி மேடையேறியதும், "நெவில் எங்கடா? சாயக்காரனை யாரு ஏத்துனது?" என்று கூச்சல். அவன் நிமிரவில்லை. மூன்றாவது பாட்டில் கூச்சல் அடங்கியது. கடைசிப் பாட்டில் ஹாலே எழுந்து நின்றது. மேடையோரம் என் பக்கத்தில் நின்ற நெவில் தன் கைக்கட்டையே முறைத்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் மேனேஜர் ஓடிவந்து ராட்னியின் தோளைப் பிடித்தார். "இவன் கை சரியாகுற வரைக்கும் எங்ககூட வாய்யா."

"வேணாம். நாளைக்கு லீட்ஸ்ல நானே வாசிக்கிறேன்," என்றான் நெவில்.

"முறிஞ்ச விரலை வெச்சுக்கிட்டா?"

"என் விரல்தானே? நான் பாத்துக்கறேன்."

மேனேஜர் ராட்னியின் தோளிலிருந்து கையை எடுத்தார்.

தெருவில் ராட்னி விழுந்து விழுந்து சிரித்தான். "அவன் மூஞ்சியைப் பாத்தியாடா?"

"பாத்தேன். ரேடியோவுல அவன் பாட்டு வரும்போது இருக்குமே, அச்சு அசல் உன் மூஞ்சிதான்."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தான்.

நெவில் கட்டைப் பிரித்துவிட்டு லீட்ஸில் வாசித்தான். விரல்கள் கோணலாகவே கூடின. அடுத்த வருடமே குழு அவனைக் கழற்றிவிட்டது. ஊர் திரும்பி, கம்பளம் விற்கும் கடையில் சேர்ந்தான்.

சேதியை நான்தான் போய்ச் சொன்னேன். ராட்னி சந்தோஷப்படுவான் என்று நினைத்திருந்தேன். அவன் கிட்டாரைத் துடைத்துக்கொண்டே, "அமெரிக்காவெல்லாம் பாத்துட்டுத்தானே வந்தான்," என்றான்.